விண்டோஸ் 11 கைவிட்ட எப்சன் 2480: ஜார்ஜ்டவுனில் டிரைவர் அமைத்த முழு விவரம்

சாதனம்: எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 2480 ஃபோட்டோ ஸ்கேனர், கூடவே கேனான் லைட் 25 என்ற இன்னொரு ஸ்கேனர். இடம்: பினாங்கு, ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் ஒரு தமிழ்ச் சங்க அலுவலகம். வேலை: தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள், குடும்பங்கள் கொண்டுவந்து கொடுக்கும் கல்யாண ஆல்பங்கள், 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள் என்று பெட்டி பெட்டியாகக் கிடக்கும் காகிதங்களை டிஜிட்டல் படமாக்குவது. பிரச்சினை: புதுக் கணினி வாங்கிய அன்றிலிருந்து இரண்டு ஸ்கேனரும் வேலை செய்யவில்லை.

விற்ற கடையில் கேட்டதற்கு, "இதெல்லாம் பழைய சாமான், தூக்கிப் போட்டுட்டு ஒரு ஆல் இன் ஒன் வாங்கிக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்தான் இந்த வேலையைக் கவனிக்கிறார், எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை அழைத்துக் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, லைட் எரியுது, உள்ளே அந்தக் கம்பி அசையுது, அப்புறம் எப்படி கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க?" என்பதுதான். கேள்வி ரொம்பச் சரி. ஸ்கேனர் கெடவில்லை. ஸ்கேனருக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் மென்பொருள் சங்கிலியில் ஒரு கண்ணிதான் அறுந்திருந்தது. அது எந்தக் கண்ணி என்று கண்டுபிடிக்காமல் எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாது, இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

முதலில் ஏன் நின்றது என்று பார்ப்போம். பழைய கணினியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. புதியது விண்டோஸ் 11, அதற்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் எதுவாக இருந்தாலும் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் 32 பிட் டிரைவர் நுழையவே முடியாது. அலுவலகத்தில் இருந்த சிடி எக்ஸ்பி காலத்தது, அதிலுள்ள டிரைவர் 32 பிட். ஆனால் ஆளைக் குழப்புவது எது என்றால், அதே சிடியில் இருக்கும் ஸ்கேன் நிரல் சாதாரண 32 பிட் நிரல், அது புதுக் கணினியில் அழகாக இன்ஸ்டால் ஆகிறது, திறக்கிறது, பொத்தான்கள் எல்லாம் தெரிகிறது, அமுக்கினால்தான் ஸ்கேனரைக் காணவில்லை என்கிறது. பார்ப்பவருக்கு நிரல் நன்றாக இருக்கிறது, ஆகவே ஸ்கேனர்தான் போச்சு என்று தோன்றும். நடந்தது அதற்கு நேர் எதிர். மேலே இருக்கும் நிரலும் கீழே இருக்கும் இயந்திரமும் நன்றாக இருக்கின்றன, நடுவில் இருக்கும் டிரைவர் மட்டும் ஏறவில்லை. கம்பேட்டிபிலிட்டி மோட் என்று வலது கிளிக்கில் வருவதை மாற்றிப் பார்த்திருந்தார்கள். அது நிரலுக்கு மட்டும்தான் உதவும், கெர்னல் டிரைவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. டிரைவர் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு முயற்சி செய்யச் சொல்லும் குறிப்புகளும் நிறைய உலவுகின்றன, 32 பிட் டிரைவர் என்றால் அதுவும் வீண். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் இலவச நிரல்கள் பக்கம் தயவுசெய்து போகவே போகாதீர்கள். அலுவலகக் கணினியில் அப்படி ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தது, அதை முதலில் நீக்கினேன்.

உங்களிடம் எந்த மாடல் இருந்தாலும் முதல் வேலையாகத் தயாரிப்பாளரின் தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 7 காலத்து 64 பிட் டிரைவர்கள் பல இன்றைக்கும் 11இல் ஓடுகின்றன. காசு கொடுக்கத் தயார் என்றால் வியூஸ்கேன் இருக்கிறது, அது பல பழைய ஸ்கேனர்களுக்குத் தன் சொந்த டிரைவரோடு வருகிறது. கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷினில் பழைய விண்டோஸைப் போட்டு யூஎஸ்பியை அதற்குள் திருப்பிவிடுவது இன்னொரு வழி, ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸை இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்கும் ஒழுங்கு ஓர் அலுவலகத்தில் நிலைக்காது. நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஓர் உபயோகமில்லாத லாப்டாப் அங்கேயே கிடந்தது, ஸ்கேனரைப் பயன்படுத்த வேண்டியவர்கள் வேறு வேறு அறையில் இருக்கிறார்கள், அடுத்த விண்டோஸ் வரும்போது இதே கூத்து திரும்ப நடக்கக் கூடாது. லாப்டாப்பில் லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான டெபியன் போட்டேன்.

புது ஆல் இன் ஒன் ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது வெறும் சிக்கனம் அல்ல. மலிவான ஆல் இன் ஒன்களில் பெரும்பாலும் இருப்பது சிஐஎஸ் சென்சார். காகிதம் கண்ணாடியோடு ஒட்டிப் படிந்திருந்தால்தான் அதில் தெளிவாக விழும், சில மில்லிமீட்டர் எழும்பினாலே மங்கிவிடும். 2480இல் இருப்பது சிசிடி, கண்ணாடி ஆடி, லென்ஸ் வழியாகப் பார்க்கிறது, அதனால் ஓரளவு உயரத்திலும் எழுத்து நிற்கும். தைத்துக் கட்டிய ஆண்டு மலரைக் கவிழ்த்து வைத்தால் நடு மடிப்பில் தாள் மேலே எழும்பி நிற்கும் இல்லையா, அந்த இடத்தில் இருக்கும் எழுத்து சிசிடியில் படிக்க முடிகிறது, சிஐஎஸ் சென்சார் உள்ள லைட் 25இல் வெறும் புகையாகத் தெரிகிறது. ஒரே பக்கத்தை இரண்டிலும் வைத்து டீச்சருக்குக் காட்டினேன், மடிப்பில் இருந்த மாணவர் பெயர்கள் ஒன்றில் இருந்தன, மற்றதில் இல்லை. அந்த மலரைப் பிரித்தால் தையல் போய்விடும், ஆகவே பிரிக்கவும் முடியாது. இந்த ஸ்கேனரைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். லினக்ஸில் ஸ்கேனர்களைக் கையாளுவது சேன் என்ற தொகுப்பு. அதில் ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் ஒரு பேக்எண்ட், அதாவது அதை இயக்கும் பகுதி, உண்டு. ஆட்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்: எப்சன் ஸ்கேனர் என்றால் எப்சன் பெயரிட்ட பேக்எண்ட், கேனான் என்றால் கேனான் பெயரிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கோப்புகளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். மூடியின் மேல் அச்சடித்திருக்கும் பெயருக்கும் பேக்எண்டுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே இருக்கும் சிப்பும் அது பேசும் மொழியும்தான் முக்கியம். 2480ஐ இயக்குவது ஸ்னாப்ஸ்கேன், அது முதலில் அக்ஃபா ஸ்னாப்ஸ்கேன் ஸ்கேனர்களுக்காக எழுதப்பட்டது. லைட் 25ஐ இயக்குவது பிளஸ்டெக். அதே பிளஸ்டெக்தான் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 1260க்கும். பெயரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் லைட் 35, லைட் 60 இரண்டும் ஜெனிசிஸ் பேக்எண்டுக்குப் போகும். ஆகவே மாடல் பெயரை வைத்து ஊகிக்காமல் யூஎஸ்பி அடையாள எண்ணைப் பாருங்கள். எல்எஸ்யூஎஸ்பி என்று கட்டளை கொடுத்தால் வரும். 2480க்கு 04பி8:0121, லைட் 25க்கு 04ஏ9:2220. முதல் பாதி தயாரிப்பாளர், இரண்டாம் பாதி சாதனம். அந்த எண்ணை வைத்து சேன் தளத்தின் ஆதரவுப் பட்டியலில் தேடினால் எந்த பேக்எண்ட், எவ்வளவு ஆதரவு, ஃபர்ம்வேர் (ஸ்கேனருக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) வேண்டுமா என்று மூன்றும் தெரிந்துவிடும்.

எல்எஸ்யூஎஸ்பி தரும் பட்டியலில் எண் வந்தாலே பாதிக் கவலை போய்விடும்: கேபிள், மின்சாரம், ஸ்கேனரின் யூஎஸ்பி பகுதி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எண்ணே வரவில்லை என்றால் மென்பொருளைத் தொடாதீர்கள், கேபிளை மாற்றுங்கள், அடாப்டரைப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கேன்இமேஜ் கட்டளை. அதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் எல் என்ற தேர்வைக் கொடுத்தால் சேன் கண்டுபிடித்த ஸ்கேனர்களின் பட்டியல் வரும். 2480 அந்தப் பட்டியலில் வந்தது. ஆனால் திறக்கப் போனால் திறக்கவில்லை. மேசைச் சூழலில் இருக்கும் ஸ்கேன் நிரலில் பார்த்தால் "ஸ்கேனரோடு இணைய முடியவில்லை" என்ற மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதே காரியத்தைக் கட்டளை தட்டும் டெர்மினலில் செய்தால் பேக்எண்ட் காரணத்தையே சொல்கிறது: ஃபர்ம்வேர் கோப்பைத் திறக்க முடியவில்லை, ஸ்னாப்ஸ்கேன் அமைப்புக் கோப்பில் உள்ள ஃபர்ம்வேர் வரியைத் திருத்து. இதனால்தான் பழைய ஸ்கேனரைச் சோதிக்கும்போது கண்ணுக்கு அழகான நிரல்களை ஓரமாக வைத்துவிட்டு டெர்மினலில் தொடங்கச் சொல்கிறேன். அங்கேயும் போதாது என்றால் சேன்_டீபக்_ஸ்னாப்ஸ்கேன் என்ற சூழல் மாறிக்கு 255 என்று மதிப்புக் கொடுத்து ஓட்டினால் ஒவ்வொரு அடியையும் கொட்டும்.

ஃபர்ம்வேர் ஏன் வெளியிலிருந்து வர வேண்டும்? இந்த வகை ஸ்கேனர்களில் உள்ளே நிரந்தரமாக எல்லாம் எழுதி வைத்திருக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஸ்கேனர் பாதி விழித்த நிலையில் நிற்கும், டிரைவர் ஒரு கோப்பை அதன் நினைவகத்துக்குள் ஏற்றினால்தான் ஸ்கேன் செய்யத் தெரிந்த இயந்திரமாக மாறும். ஸ்விட்சை அணைத்தால் அது போய்விடும், அடுத்த முறை மறுபடி ஏற்ற வேண்டும். விண்டோஸ் டிரைவர் இதை யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தது. கோப்பின் உரிமை தயாரிப்பாளருடையது, அதனால் லினக்ஸ் விநியோகங்கள் அதைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. அமைப்புக் கோப்பில் "உன் ஃபர்ம்வேர் கோப்பு" என்று பொருள்படும் ஒரு பொய்ப் பெயர்தான் இடத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும்.

2480க்கு வேண்டியது ஈஎஸ்எஃப்டபிள்யூ41 என்ற பின் கோப்பு. 1670 வைத்திருப்பவர்களுக்கு 30, 3490 வைத்திருப்பவர்களுக்கு 52. எண் மாறினால் வேலை செய்யாது. யாரோ ஏற்றி வைத்த இடத்திலிருந்து இறக்கிக்கொள்வதைவிட, நம்மிடம் இருக்கும் சிடியிலிருந்து எடுப்பதுதான் நல்லது, எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் இருக்காது. சிடியில் நேராகத் தேடினால் கண்ணில் படாது, கேப் என்ற சுருக்கக் கட்டுகளுக்குள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் வகைக் கட்டு என்றால் கேப்எக்ஸ்ட்ராக்ட் பிரித்துவிடும், இன்ஸ்டால்ஷீல்டு வகை என்றால் அன்ஷீல்டு வேண்டும். பழைய விண்டோஸ் வட்டு கையில் இருந்தால் இன்னும் எளிது, ஈஎஸ்எஃப்டபிள்யூ என்று தொடங்கும் கோப்புகளை விண்டோஸ் அடைவு முழுக்கத் தேடச் சொன்னால் போதும்.

எடுத்த கோப்பை யூஎஸ்ஆர், ஷேர், சேன், ஸ்னாப்ஸ்கேன் என்ற அடைவுப் பாதையில் வைக்க வேண்டும், கடைசி அடைவு இல்லையென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு ஈடிசிக்குள் சேன்.டி அடைவில் இருக்கும் ஸ்னாப்ஸ்கேன் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஃபர்ம்வேர் என்று தொடங்கும் வரியில் முழுப் பாதையையும் எழுத வேண்டும். இங்கே ஒரு பொடி விஷயம் பலரைப் பாடாய்ப் படுத்துகிறது: கட்டிலிருந்து வெளியே வரும் கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்கும், இணையக் குறிப்புகளில் எல்லாம் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. பாதை சரி, கோப்பு இருக்கிறது, ஆனாலும் திறக்க முடியவில்லை என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். நான் கோப்பின் பெயரையே முழுக்கச் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் வைத்தேன். கோப்பை எல்லாப் பயனரும் படிக்கும்படி அனுமதி கொடுப்பதும் முக்கியம். சிலர் அதைத் தங்கள் ஹோம் அடைவில் வைத்து அங்கிருந்து சுட்டச் சொல்வார்கள், நேரில் உட்கார்ந்து ஓட்டும்வரை அது ஓடும். பிணையத்தில் பகிரப் போகும்போது சேவை வேறு பயனர் பெயரில் ஓடும், அந்தப் பயனருக்கு உங்கள் ஹோம் அடைவுக்குள் எட்டிப்பார்க்க அனுமதி இருக்காது.

வரியைத் திருத்திய கையோடு மறுபடி ஸ்கேன்இமேஜ் கொடுத்ததும் உள்ளே விளக்கு பளிச்சென்று வந்து தலைப்பகுதி நகர ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

ஆனால் வேலை அங்கே முடியவில்லை. முதல் பக்கம் நன்றாக வந்தது, இரண்டாவது பக்கத்துக்குக் கட்டளை கொடுத்தால் அப்படியே நின்றுவிட்டது. ஸ்கேனரை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரு பக்கம், மறுபடி நிற்கும். ஃபர்ம்வேர் சரியில்லை என்று சந்தேகப்படத் தோன்றும், ஆனால் ஃபர்ம்வேர் தவறாக இருந்தால் முதல் பக்கமே வந்திருக்காது. ஒரு தடவை மட்டும் ஓடி நிற்பது பெரும்பாலும் யூஎஸ்பி 3 போர்ட்டின் குணம். பழைய ஸ்கேனர்கள் சில, யூஎஸ்பி 3 கட்டுப்படுத்தியோடு இரண்டாவது உரையாடலைத் தொடங்கும்போது ஒத்துப்போவதில்லை. லாப்டாப்பின் ஒரு பக்கத்தில் நீல நாக்கு வைத்த போர்ட், மறுபக்கத்தில் கறுப்பு நாக்கு வைத்த யூஎஸ்பி 2 போர்ட். கேபிளைக் கறுப்புக்கு மாற்றியதும் பக்கம் பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டது. உங்கள் கணினியில் யூஎஸ்பி 2 போர்ட்டே இல்லையென்றால் சேன்_யூஎஸ்பி_வொர்க்அரவுண்ட் என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள், இதற்காகவே சேர்த்து வைத்த மாறி அது.

அடுத்து டிஎல்எல் அமைப்புக் கோப்பு. சேன் தேடிப் பார்க்க வேண்டிய பேக்எண்ட்களின் பெயர்கள் அதில் நீளமாக இருக்கும். நமக்கு வேண்டியது ஸ்னாப்ஸ்கேன், பிளஸ்டெக் இரண்டு மட்டும். மற்ற வரிகளுக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டு அடக்கினேன். ஸ்கேனரைத் தேடும் நேரம் நன்றாகக் குறைந்தது. வேறு பேக்எண்ட் நடுவில் புகுந்து சாதனத்தைத் தட்டிப் பார்ப்பதும் நின்றது.

லைட் 25 கதை சின்னது. அதற்கு ஃபர்ம்வேர் வேண்டாம், செருகியதும் பிளஸ்டெக் பிடித்துக்கொண்டது. அதற்குத் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும், ஆகவே மின்சாரமில்லாத மலிவு ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருக வேண்டும். படத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் வந்தன. இதை டிரைவர் கோளாறு என்று நினைத்து அமைப்புக் கோப்புகளை மேய்பவர்கள் உண்டு. ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது கண்ணாடி விளிம்புக்கு அடியில் இருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்த்துத்தான் வெண்மையை அளந்துகொள்கிறது. அந்தப் பட்டையில் தூசு ஒட்டியிருந்தால் அந்த இடத்து அளவு தப்பி, பக்கம் முழுக்க ஒரு கோடாக நீளும். சுத்தம் செய்தபின் கோடு போனது. பினாங்கின் ஈரக்காற்றில் கண்ணாடியின் உள்பக்கமும் புகைபடிந்த மாதிரி ஆகிவிடுகிறது, இரண்டு ஸ்கேனரையும் இப்போது மூடி போட்டு, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பகிர்வுக்கு ஏர்சேன் போட்டேன். சேன் வழியாக இயங்கும் பழைய ஸ்கேனரைப் பிணையத்தில் புதிய வகை ஸ்கேனர் மாதிரி காட்டும் சேவை அது. விண்டோஸ் 11 கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, உலாவியில் லாப்டாப்பின் முகவரியும் 8090 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் ஸ்கேன் பக்கம் வந்துவிடும். லாப்டாப்பின் முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரில் நிலையாக ஒதுக்கிவிட்டேன். நேரில் ஓடுகிறது, பிணையத்தில் ஸ்கேனர் தெரியவில்லை என்றால் சேவை ஓடும் பயனராக மாறி ஸ்கேன்இமேஜ் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வரவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை, அந்தப் பயனரை ஸ்கேனர் குழுவில் சேர்க்க வேண்டும். அங்கே வந்தால் பிணையப் பக்கம் தேட வேண்டும்.

தொகுதியாக ஸ்கேன் செய்ய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். அதில் சாதனத்தின் பெயரை நிலையாக எழுதவில்லை, ஏனென்றால் பெயரின் கடைசியில் வரும் யூஎஸ்பி எண் ஸ்கேனரை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் மாறும். ஸ்கிரிப்ட் முதலில் பட்டியலைக் கேட்டு, ஸ்னாப்ஸ்கேன் என்று தொடங்கும் பெயரை எடுத்துக்கொள்கிறது. அச்சுப் பக்கங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), சாம்பல் நிறம், டிஃப் வடிவம். ஏ4 பக்கம் ஒன்று சுமார் 8.7 எம்பி வருகிறது. புகைப்படங்களுக்கு 600 டிபிஐ, வண்ணம், அது ஏ4 அளவுக்கு 100 எம்பியைத் தாண்டும், ஆனால் ஆல்பப் படங்கள் அவ்வளவு பெரிதில்லை. ஸ்கேனர் 2400 வரை போகும் என்பதற்காக எல்லாவற்றையும் 2400இல் எடுக்க ஒருவர் ஆசைப்பட்டார். முழு ஏ4 வண்ணத்தில் அப்படி எடுத்தால் ஒரே பக்கம் ஒன்றரை ஜிபிக்கு மேல் போகும், செய்தித்தாள் அச்சில் அந்த அளவுக்கு நுணுக்கமும் கிடையாது. அந்தத் துல்லியம் 35 மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு வேண்டும், அச்சுத் தாளுக்கு வேண்டாம்.

நெகட்டிவ் என்றதும் பாக்கி வேலை ஒன்று. 2480இன் மூடியிலேயே ஃபிலிம் ஸ்கேன் செய்யும் விளக்கு இருக்கிறது, ஸ்னாப்ஸ்கேனில் மூலத்தை ஃபிலிமுக்கு மாற்றும் தேர்வும் இருக்கிறது. விளக்கு எரிகிறது, படமும் வருகிறது, ஆனால் வண்ண நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தை நீக்கும் வேலையை விண்டோஸ் நிரல் தானாகச் செய்ததுபோல சேன் செய்வதில்லை, அதைத் தனியாகப் பட நிரலில்தான் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவை மட்டும் இப்போதைக்கு எடுக்கிறோம், வண்ணத்துக்கு ஒரே சீரான அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஃபர்ம்வேர் கோப்பும், திருத்திய ஸ்னாப்ஸ்கேன், டிஎல்எல் அமைப்புக் கோப்புகளும் ஒரே அடைவாக இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன, ஒன்று அலுவலக அலமாரியில், இன்னொன்று டீச்சர் வீட்டில். சிடியின் முழுப் பிரதியும் அதிலேயே இருக்கிறது. டெபியனைப் புதுப்பிக்கும்போது அமைப்புக் கோப்பை மாற்றவா என்று கேட்டால் பழையதையே வைத்துக்கொள் என்று பதில் சொல்ல வேண்டும், இதைத் தாளில் எழுதி லாப்டாப் மேல் ஒட்டியிருக்கிறேன்.